நல்லதண்ணிவிளையில் நிழல் வெளுத்த வருஷம்

நல்லதண்ணிவிளையில் அது நடந்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியாது, ஆனால் டிவியில் எந்த விளம்பரம் ஓடின வருஷம் என்று கேட்டுப் பாருங்கள், பல் முளைக்காத பிள்ளைகூடக் கையை ஆட்டிச் சொல்லிவிடும். கறுத்த பெண் ஒருத்தி வேலை கேட்டுப் போன இடத்தில் நாற்காலிகூட அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும், அவள் வீட்டுக்கு வந்து அழுது பால்நிலா கிரீமை ஏழு நாள் பூசிவிட்டு எட்டாம் நாள் போனால் அதே நாற்காலி தானாக உருண்டு வந்து அவள் முன்னால் நிற்கும், அந்த விளம்பரம் ஓடின வருஷம். எங்கள் ஊரில் பிறப்பும் சாவும் அப்படித்தான் ஞாபகம் இருக்கும், சிங்கம் பல் தேய்த்த வருஷம் மூத்தவன் பிறந்தான், குளிர்பானப் பாட்டில் மலை ஏறின வருஷம் மாமனார் செத்தார் என்று.

பேர்தான் நல்லதண்ணிவிளை, நல்ல தண்ணீர் லாரியில் வரும். தார்ச்சாலைக்கு இந்தப் பக்கம் வீடுகளும் ஒற்றை வேம்பும், அந்தப் பக்கம் கடல் வரைக்கும் உப்புப் பாத்திகள். அந்த உப்பளத்தில் எந்தச் சர்க்காரும் போடாத சட்டம் ஒன்று உண்டு. கடிகாரம் கட்டிப்போனால் உப்புக் காற்றில் மூணாம் நாள் முள் நின்றுவிடும், செல்போனும் துருப்பிடித்து வாயடைத்துப் போகும், ஆகவே விடியுமுன் பாத்தியில் இறங்குகிற சனம் தன் நிழலைத் தானே அடிவைத்து அளந்து பொழுது பார்க்கும். எட்டடி நிழலுக்குக் கஞ்சி, நாலடி நிழலுக்கு ஒரு வாய்த் தண்ணீர், நிழல் சுருங்கிக் காலுக்குள் வந்துவிட்டால் உப்பு வாருகிற பலகையைப் போட்டுவிட்டுக் கரையேற வேண்டியது. முதலாளிக்குப் பதிலாக வரப்பில் நின்று வேலை வாங்குகிற கங்காணி சித்திரைவேல்கூட இதில் வாய் வைக்க முடியாது, ஏனென்றால் வெள்ளை உப்பின்மேல் கறுத்த நிழல் அரைக்கண் தெரிகிறவனுக்கும் தெரியும்.

முதலில் வெளுத்தது அமலியின் நிழல். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பிள்ளை, ஏழு நாள் விடாமல் பூசினாள். முகம் புளிக்குழம்புச் சட்டி மாதிரி இருந்தபடிதான் இருந்தது, சூரியன் டிவி பார்ப்பதில்லை. ஆனால் ஏழாம் நாள் காலையில் உப்பு வாரக் குனிந்தவள் காலடியில் நிழல் மட்டும் வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"ஏட்டி அமலி, உன் நிழலு வெளுத்துட்டு," என்றாள் பக்கத்துப் பாத்தி சண்முகக்கனி, ரவிக்கைக் கொக்கி கழன்றிருக்கிறது என்று சொல்கிற குரலில்.

"எத்தனாவது நாளு இன்னைக்கு?"

"போன வெள்ளிக்கு ஆரம்பிச்ச. இன்னைக்கு வியாழன். ஏழாச்சு."

"அப்பம் கம்பெனிக்காரன் பொய் சொல்லல, பாத்தியா."

அவ்வளவுதான் அதிசயம், அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. முகத்துக்குப் பூசினால் நிழல் ஏன் வெளுக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, விளம்பரத்தில் சொன்ன நாள் சரியாக இருந்தது, அது போதாதா. அந்த மாதம் முடிவதற்குள் ஊரில் பாதிப் பேர் நிழல் வெளுத்துவிட்டது, பாதிக்குப் பாதி ஆண்கள், அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பூசினார்கள், ஆனால் வெளியே வந்ததும் நிழல் காட்டிக்கொடுத்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நிழல் நீளும் என்பதால் ஐந்து மணிக்குத் தெருவில் கூட்டம் தாங்காது, ஒரு வேலையும் இல்லாமல் கிழக்கே பார்த்து நடந்து, நடந்து முடிந்ததும் திரும்பி வந்து மறுபடி கிழக்கே பார்த்து நடந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் வீட்டுக்குள் நுழைவதை விட்டார்கள், காலை ஒன்பதரைக்குப் பெண்ணை முற்றத்து வெயிலில் நிறுத்தி, முகத்தை ஏறிட்டும் பாராமல் தரையைப் பார்த்து, நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

டிவிக்காரர்கள் வந்தார்கள். அமலியை வெயிலில் நிற்க வைத்து, இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு பெண் மைக்கை நீட்டினாள். "நல்லாத்தான் இருக்கு, ஆனா முந்தி நம்ம நிழல்ல ஒரு கோழி வந்து ஒதுங்கும், இப்பம் அது ஒதுங்க மாட்டேங்கு, சூடா இருக்கு போல," என்றாள் அமலி. ராத்திரிச் செய்தியில் "நல்லாத்தான் இருக்கு" வரைக்கும் வந்தது, கோழி வரவில்லை. அப்புறம் நாலு பேர் நாலு கட்டத்துக்குள் உட்கார்ந்து வெள்ளை நிழல் நம்முடைய பண்பாடா இல்லையா என்று ஒருவர்மேல் ஒருவர் ஏறிப் பேசினார்கள், அந்த நாலு பேர் பேச்சுக்கு நடுவில் ஆறு தடவை பால்நிலா விளம்பரம் வந்தது.

கம்பெனியிலிருந்து டை கட்டின ஒருத்தர் வந்து பார்த்துவிட்டுப் போனார், போன பத்தாம் நாள் நாற்காலி விளம்பரத்தை நிறுத்திவிட்டு, முகம் மட்டுமா உங்கள் அழகு, நிழலும்தானே என்று புதுசாக ஒன்றை ஓட்டினார்கள். கூடவே எங்கள் ஊருக்குப் பெயின்ட் டப்பா அளவில் நூறு டப்பா இலவசமாக வந்து இறங்கியது. இலவசம் என்றால் எங்கள் சனம் விடுமா. முகத்துக்குப் போக மிச்சத்தைக் கதவுக்குப் பூசினார்கள், தண்ணீர்ப் பானைக்குப் பூசினார்கள், கரண்டு கம்பத்துக்கும் உப்பு வாருகிற பலகைக்கும் பூசினார்கள், கடைசியில் ரோட்டோர வேம்பின் அடிமரத்தைச் சுற்றி ஆளுயரத்துக்குப் பூசினார்கள். ஏழாம் நாள் வேம்பின் நிழல் பால் கொட்டினாற்போல் வெளுத்துப் பரந்து கிடந்தது, பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் அதன் அடியில் நின்றால் உச்சி பொசுங்கியது. ஏனென்றால் வெள்ளை நிழலுக்கு எல்லாம் உண்டு, குளிர்ச்சி மட்டும் கிடையாது. ஆடுகள் இரண்டு நாள் வந்து நின்று பார்த்துவிட்டு மூணாம் நாள் வரவில்லை, ஆட்டுக்கு டிவி புரியாது. மனிதர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

உப்பளத்தில்தான் விளைவு தெரிந்தது. வெள்ளை உப்பின்மேல் வெள்ளை நிழல் விழுந்தால் எது உப்பு எது நிழல். அடிவைத்து அளக்கக் காலைத் தூக்கினவர்கள் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றார்கள். ஒரு குச்சியை நட்டுப் பார்க்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள், நட்டார்கள்தான், பூசின குச்சியை. பூசாத குச்சி ஊரில் இருந்தால் அந்த வீட்டுக்காரனுக்கு அவமானம். கங்காணி சித்திரைவேல் தன் குடைக்கு மட்டும் பூசவில்லை, கம்பெனி கொடுத்த குடை, மேலே விளம்பரம் இருக்கிறது, பூசினால் அழிந்துவிடும் என்று காரணம் சொன்னான். அந்தக் குடைக்கடியில் குளிர்ச்சியாக உட்கார்ந்து, அதன் நிழல் ஒருத்தர் கண்ணிலும் சரியாகப் படாதபடி அப்படியும் இப்படியும் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னும் ஒண்ணரை அடி இருக்கு, இன்னும் ஒரு அடி இருக்கு, வாருங்க வாருங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் ஆசை முழுசாகப் பலிக்காமல் கெடுத்தது ஒரே ஒரு கறுத்த நிழல். வெயிலுகந்தாள் என்று அம்மன் பெயர், கூப்பிடுவது உகந்தா, வயது இருபத்துநாலு. அவள் பூசாதவள் இல்லை, பெரிய விவரக்காரி என்று நினைத்துவிட வேண்டாம். முதல் நாள் பூசினதுமே முகம் குழிப்பணியாரம் மாதிரி பொங்கி மூணு நாள் கண் திறக்க முடியவில்லை, அதோடு விட்டாள். ஆகவே அத்தனை வெள்ளைக்கு நடுவில் அவள் நிழல் மட்டும் ஒரு கருவாட்டுத் துண்டு போலக் கிடந்தது, அது காலுக்குள் போனதைப் பார்த்ததும் எல்லாரும் பலகையைப் போட்டுவிட்டுக் கரையேறினார்கள். நன்றி சொன்னார்களா என்றால், அதுதான் இல்லை. "கரி நிழலு வருது, தள்ளிக்க" என்று தங்கள் நிழலை இழுத்துக்கொண்டு விலகினார்கள். எங்கள் தாத்தன்மார் நிழல் பட்டுத் தீட்டாகிவிட்டது என்று குளத்துக்கு ஓடினவர்கள் இருந்த ஊர் இது, அந்தத் தாத்தன்மாரின் பேத்திகள்தான் இப்படி விலகினார்கள்.

உகந்தாளுக்குக் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை உப்பு லாரி ஓட்டுகிற ஐகோர்ட்துரை. அது எங்கள் பக்கத்துக் காவல் தெய்வத்தின் பெயர், மற்றபடி அவன் வீட்டில் அவன் தாய் தங்கபுஷ்பத்தைத் தவிர வேறு நீதிபதி கிடையாது. இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் பிடித்திருந்தது, லாரி வந்து நின்றால் அவள் தலையை நிமிர்த்தாமலே இன்ன லாரி என்று தெரிந்து சிரிப்பாள், அவ்வளவு பிடித்திருந்தது. தேதி குறிக்க வந்த தங்கபுஷ்பம் முற்றத்து வெயிலில் அவளை நிறுத்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"பிள்ளைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. வேலை தெரியும், வாய் நீளம் கெடையாது. இந்த நிழலுதான்."

"நிழல வச்சு நாம என்ன செய்யப் போறோம் மைனி?" என்றாள் உகந்தாளின் அம்மா.

"என்ன செய்யப் போறோமா? போட்டோவுல விழும். புதுத் தரையில விழும். எண்ண கொட்டுன மாதிரி. மூஞ்சிக்கு ஆகலைன்னா உள்ளங்காலுக்குப் பூசட்டும், நிழலு மொளைக்கது அங்கதான. நம்பிக்கையோட ஏழே நாள். வித்தியாசத்த நீங்களே உணருவீங்க."

கடைசி இரண்டும் அவள் சொல் இல்லை, டிவிக்காரியின் சொல். தங்கபுஷ்பம் பத்து வார்த்தை பேசினால் ஆறு அப்படித்தான் இருக்கும், மகனைத் திட்டினாலும் அதில் ஒரு சலுகை விலை கலந்திருக்கும். ஏழு நாளில் வெளுத்தால் தேதி, இல்லையென்றால் தூத்துக்குடியில் வெள்ளை நிழலோடு ஒரு பெண் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஐகோர்ட்துரை வாசலில் நின்று, "அம்மா சொல்லுதா, காலுக்குத்தான உகந்தா," என்று தரையைப் பார்த்துச் சொன்னான். அவன் நிழலும் வெள்ளைதான், கதவைச் சாத்திப் பூசினவர்களில் அவனும் உண்டு.

இது காதில் விழுந்ததும் சித்திரைவேலுக்குத் தேன் குடித்தாற்போல் ஆனது. "ஏ பிள்ளா உகந்தா, கல்யாணப் பொண்ணு வெயில்ல நிக்கலாமா? ரோட்டோரக் கொட்டகையில உப்பு பாக்கெட் போட ஆள் வேணும். கூரைக்குக் கீழ இரு, கால்ல பூசிக்க, ஏழு நாள் கழிச்சு மகாராணியா வா."

"அண்ணாச்சிக்கு எம்மேல என்ன இம்புட்டுக் கரிசனம்?"

"நீ என் தங்கச்சி மாதிரிலா."

அவளுக்கும் அவன் குடை எதற்குச் சாய்கிறது என்று தெரியாமல் இல்லை. ஆனால் கல்யாண ஆசை என்று ஒன்று இருக்கிறதே, போனாள். கொட்டகை அரை மைல் தள்ளி இருந்தது, பாக்கெட் போடுகிற இடத்தில் ரப்பர் செருப்பு கூடாது என்பதால் வெறுங்காலோடு உட்கார்ந்து, காலையும் மாலையும் உள்ளங்காலில் பூசினாள். மூணாம் நாள் அவள் நிழல் அவித்த கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது, ஆறாம் நாள் சாம்பல். நாளைக்கு ஒரு நாள்தான், நாளைக்குப் பொழுது விடிந்தால் தேதி.

அந்த ஆறு நாளும் பாத்தியில் என்ன நடந்தது என்றால், கறுத்த நிழல் இல்லாத உப்பளத்தில் பொழுது கங்காணியின் வாயில் இருந்தது. முதல் நாள் ஒரு மணிக்குக் கரையேற்றினான், அடுத்த நாள் ஒன்றரை, ஐந்தாம் நாள் இரண்டு. கண்கூச்சத்தில் சனத்துக்கு இமை வீங்கியது, உதடு வெடித்தது, ஆனாலும் இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்றுதான் பேசிக்கொண்டார்கள், டிவியிலும் அப்படித்தான் சொன்னார்கள். ஆறாம் நாள், நான் வந்து சொல்லுகிறவரை வாருங்கள் என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பைக்கில் சாப்பிடப் போய்விட்டான். அவன் போன கொஞ்ச நேரத்தில் அமலி விழுந்தாள். அவள் அப்போது ஏழு மாதம்.

பன்னிரண்டு பேர் ஓடிவந்து அவளைச் சுற்றி நின்றார்கள். வெயில் மறைக்கத்தான் நின்றார்கள், பாவம், நல்ல மனசுதான், பன்னிரண்டு வெள்ளை நிழலும் அவள்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன, பன்னிரண்டு கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பினாற்போல் அவள் முகம் இன்னும் சிவந்தது. சண்முகக்கனிக்குத்தான் முதலில் உறைத்தது. "தள்ளுங்க, தள்ளுங்க, நம்மதான் சுடுதோம்," என்று எல்லாரையும் பிடித்துத் தள்ளிவிட்டு, கொட்டகைப் பக்கம் திரும்பி, தொண்டை கிழிய உகந்தாளைக் கூப்பிட்டாள். ஆறு மாதமாகக் கரி நிழல் என்று சொன்ன அதே தொண்டை.

உகந்தா வந்தாள். வெளியே உப்பு ஏற்றிக்கொண்டிருந்த ஐகோர்ட்துரையிடம் லாரியை ரோட்டைச் சுற்றிக் கொண்டுவா என்று கத்திவிட்டு, வரப்பு வழியே போனால் வளைவு என்று பாத்திகளுக்குள்ளேயே இறங்கி வெறுங்காலோடு ஓடிவந்தாள். ஆறு நாள் பூசினது முதல் பாத்தியில் கொஞ்சம் கரைந்தது, இரண்டாம் பாத்தியில் கொஞ்சம், உப்பு காலை அறுக்க அறுக்க நிழல் சாம்பலிலிருந்து கத்தரிக்காய்க்கும் கத்தரிக்காயிலிருந்து கரிக்கும் இருட்டிக்கொண்டே அவள் கூட ஓடிவந்தது. வந்து அமலியின் தலைமாட்டில் நின்றாள். நிழல் போய் அமலியின் முகத்தையும் நெஞ்சையும் மூடியது. கொஞ்ச நேரத்தில் அமலி கண்ணைத் திறக்காமலே, "யாரு வேப்பமரத்தக் கொண்டாந்தது," என்றாள்.

அப்போதுதான் சனம் தரையைப் பார்த்தது. உகந்தாளின் நிழல் காலுக்குள் இல்லை. காலைத் தாண்டி, கிழக்கே மூணடி நீண்டு கிடந்தது. கரையேறுகிற பொழுது போய் ரொம்ப நேரமாகிவிட்டது. ஒவ்வொருத்தராகப் பலகையைக் கீழே வைத்தார்கள். லாரி வந்து அமலியைத் தூக்கிக்கொண்டு போகிறவரை உகந்தா அசையவில்லை, உப்பில் நின்ற அவள் பாதத்திலிருந்து ரத்தம் கசிந்து பாத்தி ஓரம் ரோஜா நிறமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அந்த உப்பளத்துக்காரிக்கு இரண்டு பாட்டில் உப்புத் தண்ணீரே ஏற்றினார்கள், தாயும் பிள்ளையும் தப்பினார்கள்.

அதற்கப்புறம் ஊர் பூசுகிறதை நிறுத்திவிட்டதா என்று கேட்காதீர்கள். எப்படி நிறுத்துவார்கள், விளம்பரம்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே. பூசிக்கொண்டே வந்து பாத்தியில் இறங்கி, பொழுதுக்கு மட்டும் உகந்தாளின் காலடியைப் பார்த்தார்கள். அவள் கொட்டகைக்குத் திரும்பிப் போகவில்லை. சித்திரைவேல் இரண்டு தடவை வந்து தங்கச்சி, தங்கச்சி என்று கூப்பிட்டுப் பார்த்தான். "நிழலு காலுக்குள்ள வரட்டும் அண்ணாச்சி, வாரேன்," என்றாள். ஏழாம் நாள் பூசவும் இல்லை.

தங்கபுஷ்பம் விடுவாளா. அடுத்த திங்கட்கிழமை, வெயில் நன்றாக ஏறுமுன் பேசி முடித்துவிடலாம் என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, டபுள் பவர் என்று போட்ட புது டியூப் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மகனின் லாரியிலேயே உப்பளத்துக்கு வந்து இறங்கினாள். ஆனாலும் மணி ஒன்பதரை ஆகிவிட்டது, வரப்பில் நூறு எட்டு நடப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கி, கண்ணை இருட்டி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் தடுமாறினாள். "எய்யா துரை, செத்த நெழலுக்கு நில்லுயா," என்றாள். ஐகோர்ட்துரை தாய்க்கு முன்னால் வந்து நெஞ்சை நிமிர்த்தி நின்றான், அவன் வெள்ளை நிழல் அவள்மேல் விழுந்தது, அவள் சுடுதண்ணி பட்டவள் மாதிரி துள்ளித் தள்ளிப்போய், கண்ணைக் கசக்கிக்கொண்டு, குளிர்ச்சியாக ஓரிடம் காலில் தட்டுப்பட்டதும் அப்பாடா என்று அதிலேயே உட்கார்ந்துவிட்டாள். அது வரப்பில் நின்றுகொண்டிருந்த உகந்தாளின் நிழல்.

"இப்பந்தான் உசிரு வந்துச்சு," என்றாள் தங்கபுஷ்பம். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "வந்த காரியத்தச் சொல்லிருதேன் பிள்ள. நீ அந்தப் பிள்ளத்தாச்சியக் காப்பாத்துனது எல்லாம் பெரிய விசயந்தான். ஆனா நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு இது இருக்குல்லா. இந்த நிழல மட்டும் செத்த வெளுக்க வச்சிரு. டபுள் பவரு, மூணே நாள்."

உகந்தா ஒரு எட்டு பின்னால் வைத்தாள். நிழல் கூடப் போனது. தங்கபுஷ்பம் பேச்சை நிறுத்தாமல், தான் என்ன செய்கிறோம் என்றும் தெரியாமல், உட்கார்ந்தபடியே பட்டுச்சேலையோடு ஒரு நகர்வு நகர்ந்து நிழலுக்குள் வந்தாள்.

"சருமத்துக்குப் பாதுகாப்பானதாம்."

இன்னொரு எட்டு. இன்னொரு நகர்வு.

"மருத்துவர்கள் பரிந்துரைக்கதாம் பிள்ள."

இன்னொரு எட்டு. பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். சண்முகக்கனி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். ஐகோர்ட்துரை லாரிப் பக்கம் பார்த்தான், தாயைப் பார்த்தான், தன் காலடியைப் பார்த்தான், செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்தித் தண்ணீரில் முகத்தையும் கழுத்தையும் தேய்த்துக் கழுவ ஆரம்பித்தான். உப்புத் தண்ணீர், கண் எரிந்தது, விடாமல் தேய்த்தான். தங்கபுஷ்பம் அவனைப் பார்க்கவில்லை, நிழலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், வரப்பின் விளிம்பு வரைக்கும் பட்டுச்சேலையில் உப்பு அப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த எட்டை உகந்தா பாத்திக்குள் வைத்தாள். கணுக்காலளவு உப்புத் தண்ணீர். நிழல் வரப்பை விட்டுத் தண்ணீர்மேல் விழுந்தது. தங்கபுஷ்பம் தலைமேல் வெயில் இறங்கியது. உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடி தண்ணீரைப் பார்த்தாள், சேலையைப் பார்த்தாள், கையிலிருந்த டியூபைப் பார்த்தாள். அது சூட்டில் இளகி விரலிடுக்கு வழியாக வழிந்துகொண்டிருந்தது.

"நிழலு இதுதான் அத்த," என்றாள் உகந்தா. "வேணும்னா தேதியச் சொல்லுங்க, மேல வாரேன்."

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். வழக்கமான சொற்களை அவள் தேடுவது முகத்தில் தெரிந்தது, அந்த வெயிலில் ஒன்றுகூட அகப்படவில்லை.

"ஆவணி பதினொண்ணு," என்றாள். "காலையில."

விளம்பரம் கலக்காமல் அவள் வாயிலிருந்து எங்கள் ஊர் கேட்ட முதல் பேச்சு அதுதான். உகந்தா மேலே ஏறி வந்து நின்றாள்.